மிஸ்டர் டர்னர் (திரைப்படம்)

மிஸ்டர் டர்னர் 2014-ஆம் ஆண்டு வெளிவந்த பிரிட்டிஷ் வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜோசப் மல்லர்ட் வில்லியம் டர்னரின் (1775–1851) கடைசி இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றியது. மைக் லீ எழுதி இயக்கிய இப்படத்தில் டர்னராக திமோதி ஸ்பால் நடித்தார். ஒளிப்பதிவு டிக் போப், இசை கேரி யெர்ஷான். 150 நிமிடங்கள் ஓடும் படம். 2014 மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. அங்கே ஸ்பாலுக்குச் சிறந்த நடிகருக்கான விருதும், டிக் போப்புக்குத் தொழில்நுட்பப் பங்களிப்புக்கான வல்கன் பரிசும் கிடைத்தன. ஒளிப்பதிவு, ஆடை வடிவமைப்பு, கலை இயக்கம், இசை ஆகிய நான்கு பிரிவுகளில் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, ஒன்றும் கிடைக்கவில்லை.

ஓவியர்களைப் பற்றிய படங்களுக்கு நன்கு தேய்ந்த ஒரு பாதை உண்டு. வறுமை, புறக்கணிப்பு, மனநோய், இளவயது மரணம், பின்னர் உலகப் புகழ். வான்கோவைப் பற்றி 1956-இல் வந்த லஸ்ட் ஃபார் லைஃப் முதல் பல படங்கள் இந்தப் பாதையில் நடந்தவை. டர்னரின் வாழ்க்கை இதற்குப் பொருந்தாது. அவர் இருபது வயதுகளிலேயே புகழ் பெற்றவர், பணம் சேர்த்தவர், எழுபத்தாறு வயது வரை வாழ்ந்தவர். மைக் லீயின் படம் தொடங்கும்போதே அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. ஏழ்மையிலிருந்து உயர்ந்த கதையோ, அங்கீகாரத்துக்கு ஏங்கிய கதையோ இதில் இல்லை. வெற்றிபெற்ற ஒருவர் அந்த வெற்றியைத் தந்த ஓவிய முறையையே முதுமையில் கைவிட்டு, யாருக்கும் புரியாத ஒன்றை நோக்கிப் போவதும், அப்போது அவரைச் சுற்றியிருந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும்தான் படத்தின் பொருள். இரண்டாவது பகுதியில் படம் வரலாற்றுச் சான்றைத் தாண்டிப் போகிறது. இன்று பலரும் டர்னரை இந்தப் படத்தின் வழியாகவே அறிவதால், எது சான்றுள்ளது, எது இயக்குநரின் ஊகம் என்று பிரித்தறிவது அவசியம்.

படம் தொடங்குவதற்கு முன்

டர்னர் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் மெய்டன் லேன் என்ற தெருவில் பிறந்தார். தந்தை வில்லியம் டர்னர் முடிதிருத்துபவர். மகன் வரைந்த சித்திரங்களைக் கடையின் சன்னலில் தொங்கவிட்டு விற்றவர். தாய் மேரி மார்ஷல் மனநோயால் பாதிக்கப்பட்டு, பெத்லெம் மனநல மருத்துவமனையில் 1804-இல் இறந்தார். டர்னர் தாயைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்தார் என்பார்கள். படத்திலும் அந்தப் பேச்சு வரும்போது தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு கனத்த மௌனம் வருகிறது.

பதினான்கு வயதில் ராயல் அகாதமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1802-இல் அகாதமியின் முழு உறுப்பினரானார். 1807-இல் அங்கேயே தொலைநோக்குக் கோட்பாட்டுப் பேராசிரியர். தந்தை முடிதிருத்தும் தொழிலை விட்டுவிட்டு மகனுடன் வந்து சேர்ந்தார். கித்தானைச் சட்டத்தில் இழுத்து அடிப்பது, வார்னிஷ் பூசுவது, காட்சியறைக்கு வருபவர்களைக் கவனிப்பது எல்லாம் அவர் வேலை.

டர்னர் திருமணம் செய்துகொள்ளவில்லை. சாரா டான்பி என்ற விதவையுடன் இருந்த உறவில் எவெலினா, ஜார்ஜியானா என இரு மகள்கள் பிறந்ததாகக் கருதப்படுகிறது. சாராவின் கணவருடைய உறவுக்காரப் பெண்ணான ஹன்னா டான்பி, டர்னரின் குவீன் ஆன் தெரு வீட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணிப்பெண்ணாக இருந்தார்.

கதை

நெதர்லாந்தில் காற்றாலை ஒன்றின் அருகே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே நடந்து வருகிறார்கள். அவர்கள் கடந்து போனபின், தொலைவில் மேட்டில் நின்று குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருக்கும் தடித்த உருவம் தெரிகிறது. டர்னரின் அறிமுகம் அவ்வளவுதான். அவர் லண்டன் திரும்புகிறார். தந்தை கடைக்குப் போய் நிறமிகள் வாங்கி வருகிறார், பன்றித் தலைக்குச் சவரம் செய்து சமையலுக்குத் தயார் செய்கிறார், மகனுக்கும் சவரம் செய்கிறார். ஹன்னா வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். சாரா டான்பி வளர்ந்த மகள்களுடனும் பேரக்குழந்தையுடனும் வந்து சண்டையிடுகிறார். டர்னர் உறுமுவதைத் தவிர அதிகம் பேசுவதில்லை.

இதற்குப் பிறகு வழக்கமான பொருளில் கதை என்று ஒன்றில்லை. துண்டு துண்டான நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன, ஆண்டுகளைத் திரையில் எழுதிக் காட்டுவதும் இல்லை. எக்ரிமான்ட் பிரபுவின் பெட்வொர்த் மாளிகையில் விருந்தினராகத் தங்குகிறார்; அங்கே ஒரு பெண் பியானோ வாசிக்க, கரகரத்த குரலில் பர்செல்லின் பாடல் ஒன்றைப் பாட முயல்கிறார். கடற்கரை ஊரான மார்கேட்டில் மல்லர்ட் என்று பெயர் சொல்லி, பூத் தம்பதியின் வீட்டில் அறை எடுத்துத் தங்குகிறார். 1829-இல் தந்தை இறக்கிறார். அதன்பின் விலைமாதர் விடுதி ஒன்றுக்குப் போய், அங்கிருக்கும் இளம்பெண் ஒருத்தியை உட்காரவைத்து வரையத் தொடங்கி, பாதியில் உடைந்து அழுகிறார். தந்தையின் மரணம் அவருக்கு என்னவாக இருந்தது என்பதைப் படம் வேறெங்கும் வசனத்தில் சொல்வதில்லை.

மார்கேட்டுக்குத் திரும்பும்போது திருமதி பூத் விதவையாகியிருக்கிறார். இருவரும் நெருங்குகிறார்கள். பின்னர் அவர் டர்னருடன் வாழ்வதற்காக லண்டனின் செல்சீ பகுதிக்கு இடம்பெயர்கிறார். அக்கம்பக்கத்தினருக்கு டர்னர் யாரென்றே தெரியாது. ஓய்வுபெற்ற கடற்படைக்காரர் என்று நினைத்து அட்மிரல் பூத் என்று அழைத்தார்களாம். குவீன் ஆன் தெருவில் காத்திருக்கும் ஹன்னாவுக்கும் இந்த வீட்டைப் பற்றித் தெரியாது.

இடையில் ஓவிய உலகம். கடனில் மூழ்கிய ஓவியர் பெஞ்சமின் ராபர்ட் ஹேடன் வந்து 50 பவுண்டு கடன் கேட்கிறார். அறிவியலாளர் மேரி சோமர்வில் முப்பட்டகம் கொண்டு ஒளியைப் பிரித்து, ஊதா ஒளியால் ஊசியைக் காந்தமாக்க முடியும் என்று செய்து காட்டுகிறார். சோமர்வில் 1826-இல் இந்தச் சோதனையை உண்மையாகவே வெளியிட்டார். அந்த முடிவு பின்னாளில் தவறென்று தெரிந்தது. டர்னர் முதுமையில் வரைந்தவை பொதுமக்களின் கேலிக்கு ஆளாகின்றன. அரசி விக்டோரியாவே கண்காட்சியில் அவர் ஓவியத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார். நாடக மேடையில் அவரை வைத்து நகைச்சுவை செய்கிறார்கள். பார்வையாளர்களுக்கு நடுவே டர்னரும் உட்கார்ந்திருக்கிறார்.

உருவாக்கம்

மைக் லீ முழுத் திரைக்கதையை எழுதிவைத்துக்கொண்டு படம் எடுப்பவர் அல்ல. நடிகர்களுடன் மாதக்கணக்கில் ஒத்திகை செய்து, அவர்கள் பாத்திரமாகவே பேசிப் பழகுவதிலிருந்து வசனங்களை உருவாக்குவது அவர் முறை. பெரும்பாலும் சமகால இங்கிலாந்தின் தொழிலாளர், நடுத்தர வர்க்கக் குடும்பங்களைப் பற்றிப் படமெடுத்தவர். கடந்த காலத்தில் நிகழும் படங்களில் இசை நாடகக் கலைஞர்களான கில்பர்ட், சல்லிவன் பற்றிய டாப்ஸி டர்வி (1999) முன்பே வந்திருந்தது. சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ் (1996) உள்ளிட்ட பல படங்களில் அவருடன் பணியாற்றியவர் ஸ்பால்.

டர்னர் வேடத்துக்காக ஸ்பால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓவியம் கற்றார். திரையில் அவர் தூரிகையைப் பிடிப்பதிலும், கித்தானில் எச்சில் துப்பி விரலால் தேய்ப்பதிலும், தூள் நிறமியை ஊதிவிடுவதிலும் ஒரு பழகிய கையின் வேகம் இருக்கிறது. வார்னிஷ் நாட்களில் டர்னர் கையில் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்துவார் என்பதைச் சக ஓவியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் ஓவியம் தீட்டுவது கைவேலை, அழுக்கு வேலை. நடிகரின் முகத்தைக் காட்டி, பின் வேறொருவரின் கையைக் காட்டும் வழக்கமான ஏமாற்று இங்கே தேவைப்படவில்லை.

உடல்மொழிக்கு ஸ்பால் தேர்ந்தெடுத்தது உறுமல். மறுப்பு, ஒப்புதல், துக்கம், காமம், எரிச்சல் எல்லாவற்றுக்கும் தொண்டைக்குள்ளிருந்து வரும் வெவ்வேறு உறுமல்கள். சில இடங்களில் இது அளவு மீறுகிறது என்று தோன்றலாம். ஆனால் சொற்களில் தடுமாறியவர் டர்னர் என்பதற்குச் சான்று உண்டு. அவருடைய அகாதமி விரிவுரைகள் காதில் விழாத அளவுக்குக் குழறலாக இருந்ததாகக் கேட்டவர்கள் குறித்திருக்கிறார்கள். தன் ஓவியங்களுக்கு அவர் எழுதிச் சேர்த்த கவிதை வரிகளும் திணறலானவை.

மைக் லீ டிஜிட்டல் கேமராவில் எடுத்த முதல் முழுநீளப் படம் இது. டிக் போப் காட்சிகளின் நிறத்தை டர்னரின் வண்ணங்களை ஒட்டி அமைத்தார்: ஒளிரும் பகுதிகளில் மஞ்சள், நிழல்களில் நீலப்பச்சை. இருந்தாலும் ஒவ்வொரு சட்டகத்தையும் ஓர் ஓவியத்தின் நகலாக்கும் ஆசைக்குப் படம் பெரும்பாலும் இடம் கொடுக்கவில்லை. டர்னர் எதைப் பார்த்தாரோ அதை நாம் பார்க்கிறோம். அதை அவர் என்னவாக ஆக்கினார் என்பது வேறு. மார்கேட் காட்சிகள் கார்ன்வாலில் உள்ள கிங்சாண்ட் என்ற மீனவக் கிராமத்தில் எடுக்கப்பட்டன.

வார்னிஷ் நாள், 1832

அகாதமியின் ஆண்டுக் கண்காட்சி பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன் சில நாட்கள் உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்படும். சுவரில் மாட்டிய ஓவியத்துக்கு வார்னிஷ் பூசவும் சிறு திருத்தங்கள் செய்யவும் அந்த நாட்கள். டர்னர் அவற்றைத் தன் மேடையாக்கிக்கொண்டார். பாதி முடிந்த கித்தானைக் கொண்டுவந்து மாட்டி, மற்ற ஓவியர்கள் பார்க்கப் பார்க்க முடித்துக் காட்டுவார்.

1832-இல் டர்னரின் கடற்காட்சி ஒன்று ஜான் கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலத் திறப்பு ஓவியத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. ஹெல்வூட்ஸ்லூயிஸ் துறைமுகத்திலிருந்து கப்பல் ஒன்று கடலுக்குப் போகும் காட்சி அது. சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற வானம். கான்ஸ்டபிள் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்த ஓவியத்திலோ கொடிகளும் அலங்காரப் படகுகளும் சிவப்பும் பொன்னுமாக ஒளிர்ந்தன. கான்ஸ்டபிள் இன்னும் சிவப்பு சேர்த்துக்கொண்டிருக்கிறார். டர்னர் வந்து நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். தன் சாம்பல் கடலின் மேல் ஷில்லிங் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய சிவப்புப் பொட்டு ஒன்றை வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் வெளியே போகிறார். அந்த ஒற்றைச் சிவப்பின் முன் கான்ஸ்டபிளின் அத்தனை சிவப்பும் மங்கிப்போகிறது. டர்னர் வந்துபோனதைக் கான்ஸ்டபிள் துப்பாக்கி சுட்டதற்கு ஒப்பிட்டதாக, அப்போது அங்கிருந்த ஓவியர் சி. ஆர். லெஸ்லி பதிவு செய்திருக்கிறார்.

படத்தில் டர்னர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, துணியாலும் நகத்தாலும் அந்தப் பொட்டைத் துடைத்துச் செதுக்கி, அலையில் மிதக்கும் மிதவையாக்கிவிடுகிறார். லெஸ்லியின் குறிப்புப்படி அவர் ஒன்றரை நாள் கழித்தே வந்தார். ஒன்றரை நாளைச் சில நிமிடங்களாகச் சுருக்கியதில் ஒன்று குறைகிறது. கண்காட்சி திறக்கப்போகும் நேரத்தில் ஓவியத்தை அரைகுறையாக, ஒரு கறையோடு, நாள் கணக்கில் விட்டுவைத்த துணிச்சல்தான் சக ஓவியர்களை அதிரவைத்தது. இந்த இரு ஓவியங்களில் கான்ஸ்டபிளுடையது இப்போது லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கிறது. டர்னருடையது டோக்கியோவின் ஃபூஜி கலை அருங்காட்சியகத்தில். 1832-க்குப் பிறகு 2019-இல்தான் அவை மீண்டும் ராயல் அகாதமியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டப்பட்டன.

வரலாறும் படமும்

படத்தில் வரும் புகழ்பெற்ற காட்சிகள் சில, டர்னரைச் சுற்றி வளர்ந்த கதைகளை உண்மை நிகழ்ச்சிகளாகவே காட்டுகின்றன. டிரஃபால்கர் போரில் (1805) பங்கெடுத்த டெமரேர் என்ற பழைய போர்க்கப்பலை, உடைப்பதற்காக நீராவி இழுவைப்படகு இழுத்துப்போவதை டர்னர் நண்பர்களோடு தேம்ஸ் நதியில் படகிலிருந்து பார்க்கிறார். அந்தக் காட்சியை ஓவியமாக்கும்படி நண்பர் ஒருவர் தூண்டுகிறார். 1839-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த ஓவியம் இன்று பிரிட்டனின் 20 பவுண்டு நோட்டிலும் இருக்கிறது. ஆனால் 1838 செப்டம்பரில் கப்பல் இழுத்துச் செல்லப்பட்டபோது அதன் பாய்மரங்கள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தன. இழுத்தவை இரண்டு படகுகள். ஓவியத்தில் பாய்மரங்களோடு வெண்பேய் போல நிற்கும் கப்பலை ஒரே ஒரு கரும்படகு இழுக்கிறது. டர்னர் கண்ணால் கண்டதை வரைந்தார் என்பதைவிட, நினைவிலிருந்தும் செய்திகளிலிருந்தும் ஒன்றைக் கட்டியெழுப்பினார் என்பதே பொருத்தம். படம் காட்டும் படகுப் பயணம் அழகாக இருக்கிறது. ஆனால் ஓவியம் உருவாகும் விதத்தைப் பற்றி அது தவறான எண்ணத்தைத் தருகிறது.

1842-இல் வைக்கப்பட்ட பனிப்புயல் ஓவியத்துக்கும் இதே நிலை. துறைமுக வாயிலில் தத்தளிக்கும் நீராவிக் கப்பலைக் காட்டும் அந்த ஓவியத்தின் நீண்ட தலைப்பே, ஏரியல் என்ற கப்பல் ஹார்விச்சை விட்டுப் புறப்பட்ட இரவில் ஓவியர் அந்தப் புயலில் இருந்தார் என்று சொல்கிறது. தன்னைக் கப்பலின் பாய்மரத்தில் கட்டிவைக்கச் சொல்லி, மணிக்கணக்காகப் புயலைப் பார்த்ததாகப் பின்னர் கூறினார். அப்போது அவருக்கு 67 வயது. இதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. கட்டுக்கதையாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்களிடம் பொதுவாக உள்ள கருத்து. படமோ அவரை மரத்தில் கட்டியே காட்டிவிடுகிறது. அந்த ஓவியத்தைச் சோப்பு நுரை, சுண்ணாம்புக் கரைசல் என்று அன்றைய விமர்சகர்கள் இகழ்ந்தார்கள். புயலின் வடிவத்தை வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பதிலாக, பார்ப்பவனையே சுழலின் நடுவில் நிறுத்தும் ஓவியம் அது. கதை பொய்யாக இருந்தாலும் ஓவியம் அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட்டது எனலாம்.

அடிமைக் கப்பல் பற்றிய பகுதி இவற்றைவிடச் சிக்கலானது. மார்கேட்டில் திருமதி பூத்தின் கணவர், இளமையில் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலில் தச்சராக வேலை செய்ததையும் அங்கே கண்ட கொடுமைகளையும் சொல்கிறார். டர்னர் கலங்கிப்போய்க் கேட்கிறார். பின்னால் வரப்போகும் ஓவியத்துக்கு இது விதை. நோயுற்றவர்களையும் இறந்துகொண்டிருப்பவர்களையும் கப்பலிலிருந்து கடலில் வீசுவதைக் காட்டும் அந்த ஓவியம் 1840-இல் வைக்கப்பட்டது. 1781-இல் சாங் என்ற கப்பலில் காப்பீட்டுத் தொகைக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கடலில் வீசப்பட்ட நிகழ்ச்சியோடு அது தொடர்புபடுத்தப்படுகிறது. அடிமை வணிகத்தை எதிர்த்த தாமஸ் கிளார்க்சனின் நூல் 1839-இல் மறுபதிப்பாக வந்ததும் தூண்டுதலாக இருக்கலாம். படம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 1805-இல் டர்னர், அடிமைகளின் உழைப்பில் நடந்த ஜமைக்காக் கால்நடைப் பண்ணை ஒன்றில் 100 பவுண்டு முதலீடு செய்தார். அந்த முதலீட்டையும் முப்பத்தைந்து ஆண்டு கழித்து வந்த ஓவியத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால், மார்கேட் மேசையில் அவர் முகத்தில் தெரியும் கலக்கத்துக்கு வேறொரு ஆழம் கிடைத்திருக்கும். தச்சர் கதையைக் கேட்கும் நல்லிதயம் கொண்டவராக மட்டும் காட்டியது எளிய வழி.

ஜான் ரஸ்கினைப் படம் நடத்தும் விதமும் சர்ச்சைக்குள்ளானது. 1843-இல், இருபத்துநான்கு வயதில், நவீன ஓவியர்கள் என்ற நூலின் முதல் தொகுதியை எழுதி, எல்லோரும் கேலி செய்த டர்னரைத் தற்காத்தவர் ரஸ்கின். பழைய பிரெஞ்சு ஓவியர் க்ளாட் லோரேனின் கடற்காட்சிகளைவிட டர்னருடையவை உண்மையானவை என்பது அவர் வாதம். படத்தில் அவர் மழலை மாறாத உச்சரிப்பில் பெரிய வார்த்தைகள் பேசும் பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை. அவர் க்ளாடைத் தாழ்த்திப் பேசும்போது டர்னர், எந்த இறைச்சிப் பை பிடிக்கும், இதுவா அதுவா என்று கேட்டு மடக்குகிறார். திரையரங்கில் சிரிப்பு வரும் இடம். டர்னர் க்ளாடை ஆசானாக மதித்தவர் என்பதால் அந்தக் கேலிக்கு நியாயமும் இருக்கிறது. ஆனாலும் டர்னரின் முதுமைக்கால ஓவியங்களை அன்றைக்கே சரியாகப் பார்த்த மிகச் சிலரில் ரஸ்கின் முதன்மையானவர். அடிமைக் கப்பல் ஓவியம் 1844-இல் அவருடைய தந்தை வாங்கிக் கொடுத்த புத்தாண்டுப் பரிசு. ரஸ்கின் ஆய்வாளர்கள் படத்தின் மீது கோபம் கொண்டதில் வியப்பில்லை.

ஹன்னா டான்பி

படத்தில் மிக அதிகமாக நினைவில் நிற்பவர் டோரத்தி அட்கின்சன் நடித்த ஹன்னாதான். அவருக்குத் தோல் நோய் இருக்கிறது. ஆண்டுகள் போகப்போக அது முகம் முழுக்கப் பரவுகிறது. டர்னர் அவரை நினைத்தபோது பாலியல் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். அதில் அன்பும் இல்லை, பேச்சும் இல்லை. புத்தக அலமாரியை ஒட்டி நின்றபடி நடக்கும் அந்தக் காட்சிக்குப் பின் டர்னர் எழுந்து வேலைக்குப் போகிறார். ஹன்னா அவரை நேசிக்கிறார் என்பது அட்கின்சனின் கண்களில் மட்டுமே தெரிகிறது.

ஹன்னாவுக்குத் தோல் நோய் இருந்ததும், வருபவர்கள் அவர் தோற்றத்தைக் கண்டு திடுக்கிட்டதும் பதிவாகியுள்ளன. பாலியல் உறவுக்கு ஆவணம் இல்லை. அந்தக் காலத்திலேயே வதந்தி இருந்தது, அவ்வளவே. டர்னர் எழுதிய உயிலில் ஹன்னாவுக்கு ஆண்டுத்தொகை ஒதுக்கி, தன் ஓவியக் காட்சியறையின் காப்பாளராகவும் அவரை நியமித்தார். திருமதி பூத்துக்கும் ஆண்டுத்தொகை உண்டு. நாற்பதாண்டு உழைப்பை அவர் முழுக்க மறந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று. பணம் கொடுத்ததால் சுரண்டல் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் படத்தின் ஹன்னா ஓரளவு ஊகம் என்பதை மாணவர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

ஊகம் என்றாலும் மைக் லீ ஏன் இதைச் செய்தார் என்பது புரிகிறது. பெரிய கலைஞரின் வீட்டில் விளக்கேற்றி, நெருப்பு மூட்டி, தரை துடைத்தவர்களைப் பற்றி ஆவணங்கள் சில வரிகளுக்கு மேல் பேசுவதில்லை. படம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. கடைசியில் ஹன்னா, டர்னரின் மேலங்கியில் கிடைத்த காகிதத்திலிருந்து செல்சீ முகவரியைத் தெரிந்துகொண்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு அங்கே போகிறார். அவருடன் வேறொரு பெண் வாழ்வதை அறிந்துகொண்டு, கதவைத் தட்டாமல் திரும்புகிறார். இந்த நிகழ்ச்சி ஊகம் அல்ல. இறப்பதற்குச் சற்று முன் டர்னர் எங்கிருக்கிறார் என்பதை ஹன்னா ஏறத்தாழ இப்படித்தான் கண்டுபிடித்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன.

முடிவும் உயிலும்

முதுமையில் டர்னர் புதியவற்றின் மீது ஆர்வம் இழக்கவில்லை. இரயில் வண்டியைக் கண்டு 1844-இல் மழை, நீராவி, வேகம் என்ற ஓவியத்தை வைத்தார். மேயால் என்பவரின் ஒளிப்பட நிலையத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் காட்சி படத்தின் நகைச்சுவையான பகுதிகளில் ஒன்று. கேமரா நிறத்தைப் பிடிக்குமா என்று கேட்கிறார். இல்லை என்ற பதிலில் அவருக்கு நிம்மதி. தன் தொழிலுக்கு முடிவு கட்டக்கூடிய இயந்திரத்தின் முன் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கிழவரின் முகத்தில் ஸ்பால் பயத்தையும் ஆர்வத்தையும் ஒன்றாகக் கொண்டுவருகிறார்.

பேனா முள் உற்பத்தியில் செல்வரான ஜோசப் கில்லட், டர்னரின் ஓவியங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரு இலட்சம் பவுண்டு தருவதாகச் சொல்கிறார். டர்னர் மறுக்கிறார். அவை பிரிட்டிஷ் மக்களுக்கு, ஒரே இடத்தில், இலவசமாகப் பார்க்கும்படி கொடுக்கப்படும் என்கிறார். ஊரே தன் ஓவியங்களைக் கேலி செய்யும் காலத்தில் சொன்னது இது.

1851 டிசம்பர் 19 அன்று செல்சீ வீட்டில் டர்னர் இறந்தார். சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் சூரியனே கடவுள் என்று சொன்னதாக ரஸ்கின் வழியாக ஒரு செய்தி உண்டு. படம் அதை மரணப் படுக்கையின் கடைசிச் சொல்லாக்குகிறது. உடல் செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

படம் அதோடு நின்றுவிடுகிறது. அதன்பின் நடந்தது டர்னர் விரும்பியபடி இல்லை. உறவினர்கள் உயிலை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார்கள். 1856-இல் முடிந்த வழக்கில் ஓவியங்கள் நாட்டுக்கும் பணம் உறவினர்களுக்கும் என்று தீர்வானது. நலிந்த ஓவியர்களுக்கு அவர் கட்ட நினைத்த விடுதி கட்டப்படவேயில்லை. சுமார் 300 தைலவண்ண ஓவியங்களும் ஏறத்தாழ 30,000 வரைபடங்களும் நீர்வண்ணங்களும் அரசிடம் சேர்ந்தன. அவற்றுக்கென்று தனிக் காட்சியறை 1987-இல்தான் டேட்டில் திறக்கப்பட்டது. தன் இரு ஓவியங்கள் நேஷனல் கேலரியில் க்ளாடின் ஓவியங்களுக்குப் பக்கத்தில் மாட்டப்பட வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறியது.

படத்தின் கடைசிக் காட்சிகளில் திருமதி பூத் சன்னல் கண்ணாடியைத் துடைத்தபடி எதையோ நினைத்துச் சிரிக்கிறார். ஹன்னா, ஆளில்லாத ஓவிய அறையில் முனகிக்கொண்டே அங்குமிங்கும் நடக்கிறார். உயிலில் காப்பாளராகக் குறிக்கப்பட்ட அவர், வழக்கு முடிவதற்கு முன்பே, 1853-இல் இறந்தார்.